தூணைச் சுற்றிய துணி

கட்டடங்கள் கற்ற பாடம்: வரலாற்றுத் தொடர் – 17

சென்ற இதழில், பிரான்ஸ்வா ஹென்னபிக் 1892இல் பெற்ற காப்புரிமையில் தொடங்கி, கம்பி கட்டிய கான்கிரீட் எப்படி உலகமெங்கும் பரவியது என்று பார்த்தோம். அந்தப் பரவலில் ஒரு விஷயம் போதிய அளவு கவனிக்கப்படாமல் போயிற்று. அதற்கு என்ன விலை என்பது, 1994 ஜனவரி 17 அதிகாலை 4.31 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸை உலுக்கிய நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. 6.7 அளவுள்ள அந்த அதிர்வில் ஏழு நெடுஞ்சாலைப் பாலங்கள் இடிந்தன. சான்டா மோனிகா விரைவுச்சாலையில் லா சியனேகா சாலைக்கு மேலே இருந்த பாலத்தின் தூண்கள் நசுங்க, மேல்தளம் அப்படியே கீழே அமர்ந்தது. அதே வட்டாரத்தில், அதே காலத்தில், அதே முறையில் கட்டப்பட்ட வேறு பல பாலங்களின் தூண்களுக்கு முந்தைய சில ஆண்டுகளில் வெளிப்புறமாக உறை போட்டிருந்தார்கள். அப்படி உறை போட்ட தூண்கள் தாங்கிய பாலம் ஒன்றுகூட விழவில்லை. விழுந்த ஏழில் ஐந்து பாலங்கள், வலுப்படுத்தியாக வேண்டும் என்று ஏற்கெனவே பட்டியலில் ஏறித் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவை.

அந்த உறைகள் பெரும்பாலும் இரும்புத் தகட்டால் ஆனவை. இன்று அதே வேலையைச் செய்ய, எபாக்ஸி என்ற பசையில் தோய்த்த கார்பன் இழைத் துணியையோ கண்ணாடி இழைத் துணியையோ தூணைச் சுற்றி ஒட்டுகிறார்கள். விமானத்திலும் பந்தயக் காரிலும் பயன்படும் பொருள் என்பதால் புகழ் முழுவதும் துணிக்கே போய்ச் சேர்கிறது. அது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்பும் கருத்து. தூணைக் காப்பாற்றுவது, அதைப் பக்கவாட்டில் விரியவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் பிடிமானம். அந்தப் பிடிமானத்தின் மதிப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சோதனையில் தெரிந்துவிட்டது. அதைத் தூணுக்குள்ளே வைக்காமல் கட்டியதால்தான் பிறகு வெளியே சுற்ற நேர்ந்தது. இந்த வரிசை மனதில் பதிந்தால், துணி எங்கே உதவும், எங்கே உதவாது என்பதும் தானாகத் தெளிவாகும்.

முதலில் கான்கிரீட் எப்படி உடைகிறது என்பதைப் பார்ப்போம். மேலிருந்து சுமை ஏற ஏறத் தூண் உயரத்தில் குறுகும். பக்கவாட்டில் சற்றே விரியும். தொடக்கத்தில் இந்த விரிவு, குறுகலில் ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோதான். சுமை உச்ச வலிமையை நெருங்கும்போது ஜல்லிக்கும் சிமென்ட் பசைக்கும் இடையே உள்ள நுண்விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து செங்குத்தாக ஓடுகின்றன. அப்போது பக்க விரிவு திடீரென்று பெருகுகிறது. ஆகவே அழுத்தத்தில் கான்கிரீட் நொறுங்குவது என்பது, உண்மையில் பக்கவாட்டில் பிளந்து சிதறுவதுதான். அந்த விரிவைச் சுற்றிலும் தடுத்தால் நொறுங்குவதும் தள்ளிப்போகும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத் துண்டுகளை வெளியே போட்ட இரும்புப் பட்டா சேர்த்துப் பிடிப்பதும் இந்த வகைதான். ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டாவைக் காய்ச்சிப் போடுவதால் அது ஆறும்போதே சக்கரத்தை இறுக்கிவிடுகிறது. தூணைச் சுற்றிய கம்பியோ துணியோ அப்படி முன்கூட்டி இறுக்குவதில்லை. கான்கிரீட் விரியத் தொடங்கிய பிறகே அது இழுபட்டு எதிர்த்துத் தள்ளுகிறது.

இதை முறையாகச் சோதித்து எழுதியவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆர்மான் கான்சிதேர். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே, நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி நெருக்கமான சுருள் கம்பியை வைத்த கான்கிரீட், அதே அளவு இரும்பை நெடுக்காக மட்டும் வைத்ததைவிட மிக அதிகமாகத் தாங்குகிறது என்று அவர் காட்டினார். அந்த உண்மைக்கு எண் வடிவம் கொடுத்தவர்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சார்ட், பிராண்ட்சாக், பிரவுன் ஆகிய மூவர். 1928இலும் 1929இலும் வெளியான அவர்களுடைய அறிக்கைகள் சொன்ன விதி எளிமையானது: பக்கவாட்டில் 1 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுத்தால் கான்கிரீட்டின் தாங்குதிறன் ஏறத்தாழ 4.1 மெகாபாஸ்கல் கூடும். 20 மெகாபாஸ்கல் வலிமையுள்ள சாதாரணக் கான்கிரீட்டுக்கு 2 மெகாபாஸ்கல் பக்க அழுத்தம் கிடைத்தால் அது 28ஐத் தொடும். அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். வலிமை எந்த விகிதத்தில் கூடுகிறதோ அதைப்போல ஐந்து மடங்கு விகிதத்தில், நொறுங்காமல் குறுகும் திறனும் கூடுகிறது. வலிமை நாற்பது விழுக்காடு கூடினால் இந்தத் திறன் மூன்று மடங்காகிறது. நிலநடுக்கத்தில் தூணுக்கு வலிமையைவிட இதுதான் வேண்டும். அப்போது தூண் வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து, அத்தனைக்கும் பிறகு மேலே உள்ள எடையைக் கீழே விடாமல் நிற்க வேண்டும்.

இவ்வளவும் 1929க்குள் அச்சேறிவிட்டது. ஆனாலும் 1950களிலும் 60களிலும் கலிஃபோர்னியாவில் எழுந்த பாலத் தூண்களில் என்ன வைத்தார்கள்? அரை அங்குலக் கம்பியில் வளையம். வளையத்துக்கு வளையம் ஒரு அடி இடைவெளி. தூண் எவ்வளவு பருமனாக இருந்தாலும் பெரும்பாலும் இதே அளவுதான். நான்கு அடி விட்டமுள்ள தூணில் அந்த வளையங்கள் கொடுக்கக்கூடிய பக்க அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் 0.2 மெகாபாஸ்கல்கூட வருவதில்லை. அதனால் கூடும் வலிமை ஒரு மெகாபாஸ்கலுக்கும் குறைவு. அதுவும் காகிதக் கணக்கில் மட்டும். வளையத்தின் இரு முனைகளையும் கொக்கி போட்டு உள்ளே மடக்காமல், வெளிப்புறக் கான்கிரீட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டார்கள். அதிர்வில் அந்த மேல்தோல் உதிர்ந்ததும் வளையம் பிரிந்துவிடும். அன்றைய வடிவமைப்பாளருக்கு வளையம் என்பது, கான்கிரீட் ஊற்றும்போது நெடுக்குக் கம்பிகள் இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் துணைப்பொருள். நிலநடுக்க விசையைப் பாலத்தின் எடையில் ஒரு சிறு பங்காக எடுத்துக்கொண்டு, அந்த விசைக்குத் தூண் சிறிதும் சேதமடையாது என்று கணக்குப் போட்டார்கள். கணக்கை மீறிய விசை வந்தால் தூண் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த முறையில் எழவே இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கான்சிதேரும் ரிச்சார்டும் செய்தவை மெதுவாக ஒரே திசையில் நசுக்கிய சோதனைகள். அவற்றை வைத்துக்கொண்டு, நிலநடுக்கத்தில் தூண் எப்படி நடந்துகொள்ளும் என்பது அப்போதே தெரியும் என்று எப்படிச் சொல்லலாம்? அந்த மறுப்பை ஓரளவு ஏற்கத்தான் வேண்டும். முன்னும் பின்னும் மாறி மாறி வளையும் தூணில் நடப்பதை அந்தச் சோதனைகள் நேரடியாகக் காட்டவில்லை. ஆனால் 1961இல் புளூம், நியூமார்க், கார்னிங் மூவரும் எழுதி அமெரிக்காவின் போர்ட்லண்ட் சிமென்ட் சங்கம் வெளியிட்ட நூல் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டது. பல மாடிக் கான்கிரீட் கட்டடம் நிலநடுக்கத்தில் உடையாமல் வளைந்து கொடுக்க, தூண்களின் முனைகளில் நெருக்கமான குறுக்குக் கம்பி எவ்வளவு வேண்டும் என்பதை அது கணக்கோடு சொன்னது. பத்து ஆண்டுகள் கழித்து, 1971 பிப்ரவரி 9 அன்று, கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம் அதை மெய்ப்பித்தது. கட்டி முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இரண்டு வகைத் தூண்கள் இருந்தன. தள்ளித் தள்ளி வளையம் கட்டிய மூலைத் தூண்கள் நொறுங்கிப்போயின. நெருக்கமான சுருள் கம்பி வைத்தவை வெளித்தோல் உதிர்ந்து, மோசமாகச் சாய்ந்தும், உள்ளே இருந்த கான்கிரீட் சிதறாமல் மேல்தளங்களைத் தாங்கி நின்றன. ஒரே கட்டடம், ஒரே அதிர்வு, ஒரே கான்கிரீட்; முக்கியமாக வேறுபட்டது சுற்றிக் கட்டிய கம்பி. இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை எந்த ஆய்வகமும் தந்திருக்க முடியாது.

1971க்குப் பிறகு புதிய பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் விதிகள் மாறின. ஏற்கெனவே நின்றிருந்தவை அப்படியே நின்றன. கலிஃபோர்னியா போக்குவரத்துத் துறை முதலில் செய்தது, பாலத்தின் தளத் துண்டுகள் இணைப்புகளில் கழன்று விழாமல் இரும்பு வடங்களால் கட்டுவது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலங்களில் இதைச் செய்து முடிக்கவே 1980களின் இறுதி ஆகிவிட்டது. குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு என்பதால் அதை முதலில் செய்தது தவறில்லை. ஆனால் தூண்கள் காத்திருந்தன. 1987இல் விட்டியர் நாரோஸ் பகுதியில் ஏற்பட்ட 5.9 அளவு நடுக்கமே ஒரு பாலத்தின் தூண்களைக் கடுமையாகப் பிளந்த பிறகுதான் தூண்களைப் பற்றிய ஆராய்ச்சி வேகம் பிடித்தது. அது பயன்பாட்டுக்குப் பரவுமுன் 1989 அக்டோபர் 17 வந்தது. லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் ஓக்லண்டின் சைப்ரஸ் இரட்டை அடுக்குப் பாலம் இடிந்து 42 பேர் இறந்தார்கள். 1957இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், மேலடுக்கின் தூண்கள் கீழடுக்கோடு சேரும் இடத்தில் போதிய குறுக்குக் கம்பி இல்லை. ஜார்ஜ் ஹவுஸ்னர் தலைமையில் மாநில ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு 1990இல் அறிக்கை தந்தது. பணமும் அரசின் கவனமும் அதன் பிறகே தூண்களின் பக்கம் முழுமையாகத் திரும்பின.

சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நைஜல் பிரீஸ்ட்லியும் அவருடைய குழுவினரும் பழைய முறையிலேயே தூண்களை வார்த்து, அவற்றை முன்னும் பின்னும் தள்ளிச் சோதித்தார்கள். உறை இல்லாத தூண்கள் சற்றே நகர்ந்ததும் நொறுங்கின. இரண்டு அரைவட்டத் தகடுகளை வைத்துப் பற்றவைத்து, தகட்டுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட சிறு இடைவெளியில் சிமென்ட் பாலை நிரப்பிய தூண்கள், பல மடங்கு நகர்ந்தும் சுமையை விடவில்லை. சதுர, நீள்சதுரத் தூண்களுக்கு நீள்வட்ட வடிவில் தகட்டை வளைத்தார்கள். தட்டையான பக்கத்தில் தட்டையான தகட்டை ஒட்டினால் அது கான்கிரீட்டோடு சேர்ந்து வெளியே புடைக்குமே தவிர இறுக்கிப் பிடிக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த வடிவப் பாடம் பின்னால் துணிக்கும் அப்படியே பொருந்தும். நார்த்ரிட்ஜில் பாலங்களைக் காத்தவை பெரும்பாலும் இந்தத் தகட்டு உறைகளே. தூணைச் சுற்றிப் பிடிப்பதன் பயனை மெய்யான நிலநடுக்கத்தில் மெய்ப்பித்த பெருமை, துணிக்கு முன்பே இரும்புக்குச் சேர்ந்துவிட்டது.

இனித் துணியின் கதை. அக்ரிலிக் வகை இழையைச் சுட்டு வலிமையான கார்பன் இழை எடுக்கும் வழியை 1960களின் தொடக்கத்தில் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ காட்டினார். 1971இல் டோரே நிறுவனம் அதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. கண்ணாடி இழைப் பிளாஸ்டிக் உறைக்குள் கான்கிரீட்டை நிரப்பினால் வலிமை எவ்வளவு கூடுகிறது என்று 1981இல் ஃபார்டிஸும் கலீலியும் சோதித்து எழுதினார்கள். ஏற்கெனவே நிற்கும் தூண்களையும் புகைபோக்கிகளையும் கார்பன் இழையால் சுற்றும் வேலை 1980களில் ஜப்பானில் தொடங்கியது. கட்சுமதா, கொபடகே, தகேதா மூவரும் 1988இல் ஒன்பதாவது உலக நிலநடுக்கப் பொறியியல் மாநாட்டில் தங்கள் தூண் சோதனைகளை வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் உர்ஸ் மையர் வேறு திசையில் போனார். 1991இல் லூசெர்ன் அருகே இபாக் பாலத்தில் துளையிடும் வேலையின்போது உள்ளிருந்த இழுவடம் அறுபட்டது. 175 கிலோ இரும்புத் தகடு செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை அவர் 6.2 கிலோ கார்பன் பட்டையால் செய்தார். அது தூண் அல்ல, பாலத்தின் உடல். பிடிமானம் அல்ல, ஒட்டுவலிமை. ஆனாலும் கட்டுமானத் துறை இழைப் பொருட்களை நம்பத் தொடங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சான் டியேகோ குழுவே 1990களின் தொடக்கத்தில் கண்ணாடி இழை உறைகளைச் சோதித்து, இரும்புக்கு ஈடாக நிற்கின்றன என்று கண்டது. பனிப்போர் முடிந்து பாதுகாப்புத் துறையின் கொள்முதல் சுருங்கியதால் இழை உற்பத்தியாளர்கள் புதிய சந்தையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நார்த்ரிட்ஜுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17 அன்று கோபே நிலநடுக்கம் வந்தது. ஹான்ஷின் விரைவுச்சாலை ஃபுகாயே பகுதியில் 635 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்தது. அதன் பிறகு ஜப்பானில் தூண்களைச் சுற்றும் பணி பெருமளவில் நடந்தது; அதில் கார்பன் துணியும் பரவலாக இடம்பெற்றது.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பூச்சை உரித்து, தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, விரிசல்களில் எபாக்ஸியைச் செலுத்துகிறார்கள். பள்ளங்களைப் பட்டி பார்த்துச் சமப்படுத்தி, மூலைகளை உரசி உருட்டுகிறார்கள். பிரைமர் பூசி, எபாக்ஸியில் ஊறிய துணியை இழைகள் தூணைச் சுற்றி ஓடும்படி ஒட்டி, ரோலரால் அழுத்திக் காற்றை வெளியேற்றுகிறார்கள். துணியின் முனை, தொடங்கிய இடத்தைத் தாண்டிப் போதிய அளவு மேலேறி ஒட்ட வேண்டும். இப்போது ஒரு கணக்கு. 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தூணில், 0.167 மில்லிமீட்டர் இழைத் தடிமனுள்ள கார்பன் துணியை இரண்டு சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வடிவமைப்பில் அனுமதிக்கும் நீட்சியை எட்டும்போது அது கொடுக்கும் பக்க அழுத்தம் ஏறத்தாழ 2.5 மெகாபாஸ்கல். அதே தூணுக்குள் 8 மில்லிமீட்டர் ரிங்கை (வளையக் கம்பியை) 200 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டியிருந்தால் கிடைப்பது சுமார் 0.5 மெகாபாஸ்கல். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் சற்றே எச்சரிக்கையான வாய்பாட்டின்படி, இந்தத் துணி 20 மெகாபாஸ்கல் கான்கிரீட்டை ஏறத்தாழ 28க்கு உயர்த்துகிறது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே ரிங்கை 200க்குப் பதில் 75 மில்லிமீட்டர் இடைவெளியில், கொக்கியை உள்ளே மடக்கிக் கட்டியிருந்தால் பிடிமானத்தில் பாதிக்கும் மேல் அன்றே, மிகக் குறைந்த செலவில் கிடைத்திருக்கும்.

அடுத்த மறுப்பு பொருளின் இயல்பைப் பற்றியது. இரும்பு விளையும், அதாவது ஓர் எல்லையைத் தாண்டினால் அறுபடாமல் நீளும். கார்பன் இழை அப்படி நீளாமல் பட்டென்று அறுபடும். அறுபடும் பொருளைச் சுற்றி, வளைந்து கொடுக்கும் தூணை எப்படிப் பெற முடியும்? வளைந்து கொடுப்பவை தூணின் நெடுக்குக் கம்பிகளும் இறுக்கிப் பிடிக்கப்பட்ட கான்கிரீட்டும். துணியின் வேலை அவை சிதறாமல் பிடிப்பது மட்டுமே. இரும்பு வளையம் விளைந்த பிறகு அதன் பிடி அதற்கு மேல் கூடுவதில்லை. துணியின் பிடி, கான்கிரீட் விரிய விரிய ஏறிக்கொண்டே போகும். இது அதன் பலம். அறுபடும் கணத்தில் மொத்தமும் ஒரேயடியாகப் போய்விடும் என்பது அதன் பலவீனம். மேலும், தனியாக இழுத்துச் சோதிக்கும்போது காட்டும் நீட்சியைத் தூணைச் சுற்றிய துணி எட்டுவதில்லை. கான்கிரீட் சீராக விரியாமல் அங்கங்கே பிளப்பதால், அதில் ஏறத்தாழ பாதியை ஒட்டியே அறுந்துவிடுகிறது. அதனால்தான் வடிவமைப்பு விதிகள் நீட்சியை 0.55 என்ற எண்ணால் குறைத்தே கணக்கில் எடுக்கின்றன. இந்த எல்லையை மதிக்கும்வரை மறுப்புக்கு விடை இருக்கிறது. மதிக்காதபோது மறுப்பே வெல்லும்.

வடிவத்தைப் பற்றிய மறுப்பு இன்னும் வலுவானது. நம் நாட்டுக்கு அது நேரடியாகப் பொருந்தும். வட்டத் தூணில் துணி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்தும். சதுரத் தூணில் மூலைகளில் மட்டுமே அழுத்தும். நடுப்பகுதி புடைத்துக்கொண்டு வெளியேறும். மூலையை உருட்டாவிட்டால் துணி அங்கேயே அறுபடும். பக்கங்களின் விகிதம் இரண்டைத் தாண்டிய நீள்சதுரத் தூணில், தாங்கும் வலிமையைத் துணி கூட்டும் என்று எண்ணுவதையே விதிகள் ஊக்குவிப்பதில்லை. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வண்டி நிறுத்த விட்டவை. சுவருக்குள் மறைவதற்காக ஒன்பது அங்குல அகலத்தில் மெலிந்த தூண்களை வைப்பது இந்தியா முழுவதும் உள்ள வழக்கம். இத்தகைய தூணில் துணியைச் சுற்றிவிட்டு, வட்டத் தூணுக்குரிய கணக்கைக் காட்டுவது பெருந்தவறு. அங்கே தூணைச் சுற்றிப் புதிய கம்பி கட்டிக் கான்கிரீட்டால் பருமனாக்குவதோ, நீள்வட்டமாக்கிப் பிறகு சுற்றுவதோதான் வழி. இதுவும் என் வாதத்தையே உறுதிப்படுத்துகிறது: முதலில் கேட்க வேண்டியது பிடிமானம் கிடைக்குமா என்பது, எந்தப் பொருள் என்பது பிறகு.

தீ அடுத்த மறுப்பு. எபாக்ஸி 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். தீப்பிடித்த கட்டடத்தில் துணியின் உதவியைக் கணக்கில் எடுக்க முடியாது. இது உண்மை. துணி எந்தக் காரணத்தாலும் பயனற்றுப் போகலாம் என்பதை எண்ணி அமெரிக்கக் கான்கிரீட் கழகம் வைத்த ஒரு நல்ல விதி உண்டு. துணி அடியோடு போய்விட்டாலும், நிலைச்சுமையில் (கட்டடத்தின் சொந்த எடை) 1.1 மடங்கையும் மாறுசுமையில் (ஆட்கள், பொருட்களின் எடை) 0.75 பங்கையும் பழைய தூண் தானே தாங்க வேண்டும். தாங்காத தூணுக்குத் துணி போடக் கூடாது. கூடுதல் மாடி எழுப்புவதற்காகத் தூணை வலுப்படுத்த நினைப்பவர்களை இந்த விதி சரியாகவே தடுத்து நிறுத்தும். நிலநடுக்கத்துக்காகச் சுற்றும் தூணின் நிலை வேறு. அன்றாடச் சுமைக்கு அது ஏற்கெனவே போதுமானது. துணி தேவைப்படுவது அதிரும் அந்தச் சில விநாடிகளுக்கு. தீயும் அதிர்வும் ஒரே நேரத்தில் வருவதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், சுற்றாமல் விட்ட தூண் அந்த அதிர்வையே தாண்டாது என்பதையும் எடைபோட வேண்டும்.

துரு இன்னொரு கவலை. கடலோர நகரங்களில் தூணுக்குள் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுவது அன்றாடக் காட்சி. அந்தப் பிளவுகளின் மேல் துணியைச் சுற்றிவிட்டால் வெளிப்பார்வைக்குத் தூண் புதிதாகத் தோன்றும். வெளியிலிருந்து வரும் நீரையும் காற்றையும் துணி குறைக்கும் என்பது சரிதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே புகுந்த உப்பை அது வெளியேற்றாது. தங்கிய ஈரத்தையும் உலர்த்தாது. துரு உள்ளே தொடர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். அது வெளியே தெரியும் துருவைவிட ஆபத்தானது. கெட்ட கான்கிரீட்டை நீக்கி, கம்பியைச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பழுதை முடித்த பிறகே சுற்ற வேண்டும். இந்தப் படிகளைத் தவிர்த்துவிட்டுத் துணியை மட்டும் விற்பது, நோயை மூடி மறைப்பது. கட்டட உரிமையாளர்கள் ஒப்பந்தக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை சுற்று என்பதல்ல. சுற்றுவதற்கு முன் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது.

செலவைப் பற்றிய மறுப்புக்கு விடை சொல்வது எளிது. துணி விலை அதிகம்தான். ஆனால் பளுதூக்கி வேண்டாம், பற்றவைப்பு வேண்டாம், போக்குவரத்தை நெடுநாள் நிறுத்த வேண்டாம், அடித்தளத்தில் கூடுதல் எடை ஏறாது. இவற்றோடு, பலர் கவனிக்காத ஒரு நன்மையும் உண்டு. கான்கிரீட்டால் பருமனாக்கிய தூண் விறைப்பாகிறது. விறைப்பான தூண் நிலநடுக்கத்தில் அதிக விசையைத் தன்பக்கம் இழுக்கிறது. துணி தூணின் விறைப்பை ஏறத்தாழ மாற்றாமல், நொறுங்காமல் வளையும் திறனை மட்டும் கூட்டுகிறது. ஆனால் இந்த நன்மையே ஓர் எல்லையும்கூட. மேல்மாடிகள் சுவர்களால் விறைப்பாகவும், கீழ்த்தளம் சுவரின்றி இளக்கமாகவும் உள்ள கட்டடத்தில், அதிர்வின் நகர்வு முழுவதும் கீழ்த்தளத்திலேயே குவியும். துணி அந்தக் குவியலைக் குறைக்காது. அங்கே சுவரோ குறுக்குச் சட்டமோ சேர்த்தாக வேண்டும். அடித்தளம் பலவீனமாக இருந்தாலும், உத்தரமும் தூணும் சேரும் சந்தி பலவீனமாக இருந்தாலும், தூணை மட்டும் சுற்றுவது குறையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும்.

இந்த மறுப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், துணியைக் கைவிட அவை காரணமாகவில்லை. அதை எங்கே, எதன் பிறகு, எவ்வளவு பயன்படுத்த வேண்டும் என்ற எல்லையைத்தான் வரைகின்றன. அந்த எல்லைகள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன: தூணைச் சுற்றிப் பிடிப்பது என்ற பழைய உண்மை. கான்சிதேர் சோதித்ததிலிருந்து நார்த்ரிட்ஜ் வரை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பொருள்கள் மாறின. சுருள் கம்பி, இரும்புத் தகடு, கண்ணாடி இழை, கார்பன் இழை என்று வரிசை நீண்டது. உண்மை மாறவில்லை. சான் ஃபெர்னாண்டோவிலும் ஓக்லண்டிலும் லா சியனேகாவிலும் தூண்கள் உடைந்தது நல்ல பொருள் கிடைக்காததால் நடந்ததல்ல. தெரிந்ததைச் செய்ய எடுத்துக்கொண்ட காலம்தான் உயிர்களை வாங்கியது.

அந்தக் காலம் நமக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. தூணின் முனைகளில் ரிங்குகளை நெருக்கமாக வைத்து, கொக்கியை 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13920 சொன்னது 1993இல். சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது 2002இல். அதற்கு முன் இந்நகரில் எழுந்த கட்டடங்கள் குறைந்த மண்டலத்துக்கான கணக்கில் கட்டப்பட்டவை. பழைய கட்டடங்களை ஆய்ந்து வலுப்படுத்தும் முறைக்கென்றே ஐ.எஸ். 15988 என்ற தரநிலை 2013 முதல் இருக்கிறது. ஆகவே விதி இல்லை, பொருள் இல்லை, முறை தெரியாது என்று சொல்ல இடமில்லை. மருத்துவமனைகள், பள்ளிகள், தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்ட அடுக்குமாடிகள் என்ற வரிசையில் தூண்களை ஆய்ந்து பட்டியலிடுவது முதல் வேலை. பட்டியலில் ஏறியதை ஒரு கால எல்லைக்குள் முடிப்பது இரண்டாவது வேலை. பட்டியல் மட்டும் போதாது என்பதற்கு நார்த்ரிட்ஜில் விழுந்த அந்த ஐந்து பாலங்களே சாட்சி. இன்று கட்டப்படும் தூணில் ரிங்கைச் சரியாகக் கட்டுவது இவை இரண்டையும்விட எளிது. அதைச் செய்த தூணுக்கு, நிலநடுக்கத்துக்காக நாளை துணி சுற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. கம்பி கட்டும் தொழிலாளியிடமும், அதைப் பார்வையிட்ட பிறகே கான்கிரீட் ஊற்ற அனுமதிக்கும் பொறியாளரிடமும் இந்தக் கதையின் அடுத்த ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன.

அடுத்த இதழில்: துணியால் எளிதில் சுற்ற முடியாத, உத்தரமும் தூணும் சேரும் சந்தி. அதைப் பொறியாளர்கள் எவ்வளவு காலம் கணக்கில் எடுக்காமலே விட்டார்கள் என்பதையும், ஏன் என்பதையும் பார்ப்போம்.